தாமத ஒழிப்பு வாரியத்தில் ஒரு சொடுக்கு

பக்கத்தில் வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள். காற்று பாவம், அது ஒன்றும் செய்யாது. ஆனால் இந்தக் கதையில் தானாக அசைகிற பொருள் ஒன்று வருகிறது, அந்த இடத்தில் நம் வீட்டுத் திரையும் சேர்ந்து ஆடிவிட்டால் சொல்கிற எனக்கே தூக்கிவாரிப் போட்டுவிடும். பேய்க்கதையா என்று கேட்கிறீர்கள். இல்லை, இது ஓர் அலுவலகத்தின் கதை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கேட்டு முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒரு திரைக்காரி இருந்தாள். ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில், அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் திரைக்காரிதான். முன்னறையில் தையல் மெஷின், சுவரோரம் துணிச்சுருள்கள், ஒரு டப்பா நிறையப் பித்தளை வளையங்கள். பின்னறையில் அவள் தம்பியின் கம்ப்யூட்டர். தம்பி, அவன் மனைவி, இவள், மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் வாழ்ந்தவர்கள்.

தம்பிக்குச் செருப்புக் கடையில் வேலை. பகலெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் காலடியில் குந்தி, இது கடிக்குதா, அது கவ்வுதா என்று கேட்டுக் கேட்டு அவன் முதுகே வளைந்துவிட்டது. சாயங்காலம் வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வான். திரையில் ஒரு பாழடைந்த கோட்டை. அதன் வாசலில் துப்பாக்கியோடு இவன். உள்ளே எதிரிகள். பகலெல்லாம் குனிந்தவன் ஒரு கோட்டையைப் பிடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்.

அவனுக்கு ஒரே ஒரு குறை. மவுஸ் தாமதமாக வேலை செய்கிறது என்பான். கை நகர்ந்த பிறகுதான் திரையில் அம்பு நகர்கிறது, விரல் அழுத்திய பிறகுதான் குண்டு பாய்கிறது. கண் சிமிட்டுகிற நேரம்கூட இருக்காது. ஆனாலும் எதிரி அந்தச் சிமிட்டலுக்குள் சுட்டுவிடுவான். தம்பி தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். கம்பியில்லாத மவுஸைத் தூக்கிவைத்துவிட்டுக் கம்பியுள்ளதை வாங்கினான். முன்பக்கம் செருகியிருந்ததைப் பிடுங்கிப் பின்பக்கம் செருகினான். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த வேண்டாத புரோகிராம்களையெல்லாம் மூடினான். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் குறைந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நமக்குக் கதையும் இல்லை, அந்த வீட்டுக்குத் துக்கமும் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று அவன் தாமத ஒழிப்பு வாரியத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான்.

வாரியத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். மவுஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி அரக்கு முத்திரை வைத்தார்.

"இது என்ன சார் பண்ணும்?" என்றான் தம்பி.

"உங்க கை அசைவு ஒவ்வொண்ணையும் வாரியத்துக்கு அனுப்பும். அங்க அதிகாரிங்க பாத்து, தாமதம் இல்லைன்னு தெரிஞ்சா அனுமதிச்சுத் திருப்பி அனுப்புவாங்க. அப்பதான் திரையில அசையும்."

"அங்க போயிட்டு வர்றதுக்கே நேரமாகுமே சார்."

"அது தாமதம் இல்ல தம்பி. அது பரிசீலனை."

முதலில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் ஆயிற்று. தம்பி அதற்கும் பழகிக்கொண்டான். சுட்டுவிட்டு எழுந்து போய், காலையில் போடவேண்டிய சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டு, எதிரி விழுவதைப் பார்க்க வந்து உட்காருவான். ஒரு தரப்புக்கு மட்டும் தாமதம் நேர்வது அநீதி என்று வாரியம் கருதியதால், எதிரிகளின் குண்டுகளும் அதே வரிசையில்தான் நின்றன. இரண்டு பக்கமும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம் தம்பி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். டாக்டர் நெஞ்சு நின்றுவிட்டது என்றார். கை மவுஸின் மேலேயே இருந்தது. திரைக்காரி அப்போது ஊர்க்கோடியில் ஒரு வீட்டில் திரை மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது அவன் மனைவி மட்டும்தான்.

இனிமேல்தான் நீங்கள் கொஞ்சம் தைரியமாக இருக்கவேண்டும்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு மத்தியானம் தம்பி மனைவி பின்னறையைக் கூட்டப் போனாள். நாற்காலியில் யாரும் இல்லை. மேஜைமேல் மவுஸ் தூசி படிந்து கிடந்தது. திரையில் அம்பு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. கோட்டைச் சுவரோரம் ஒரு குண்டு வெடித்தது. ஓர் எதிரி சரிந்தான். பிறகு எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த அசைவு மறுநாள் வந்தது. அதற்கடுத்தது அந்த வாரக் கடைசியில்.

வாரியத்தில் வரிசை நீண்டுவிட்டது, வேறொன்றுமில்லை. அவன் உயிரோடு இருந்தபோது அசைத்ததெல்லாம் அங்கே குவிந்து கிடந்து, ஒவ்வொன்றாக அனுமதி பெற்று வந்துகொண்டிருந்தது.

"அண்ணி, மறுபடியும் அசைஞ்சுது," என்பாள் தம்பி மனைவி, முன்னறைக்கு வந்து துணிச்சுருள்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு.

"காத்தா இருக்கும்மா."

"கம்ப்யூட்டருக்குள்ள ஏது அண்ணி காத்து?"

கம்பியைப் பிடுங்கிவிடலாம் என்றால் பெட்டியில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது: இணைப்பைத் துண்டித்தால் எல்லா அசைவுகளும் முதலிலிருந்து பரிசீலிக்கப்படும். இதை வாசித்ததும் திரைக்காரிக்குக் கை கூசிவிட்டது. செத்தவனை முதலிலிருந்து ஆரம்பிக்க யாருக்குத்தான் மனசு வரும்.

கடைசியில் ஒருநாள் தம்பி மனைவி மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"அன்னிக்கு எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா அண்ணி. சாப்பிட வாங்க, சாப்பிட வாங்கன்னு. திரும்பிக்கூடப் பாக்கல. திரையில சண்டை ஓடிட்டே இருந்துச்சு. விளையாடறாருன்னுதானே நெனைப்பேன். அந்த மவுஸையே கட்டிக்கிட்டு இருங்கன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டு வந்து தனியா சாப்பிட்டேன். நான் அவர்கிட்ட பேசின கடைசிப் பேச்சு அது. இப்பவும் பாருங்க, அதையேதான் கட்டிக்கிட்டு இருக்கார். நான் கூப்பிட்டது கேட்டுதா, கேட்டும் வரலையா, ஒண்ணும் தெரியல. என்னால பாக்க முடியல அண்ணி. போய்ச் சொல்லி நிறுத்திட்டு வாங்க."

திரைக்காரி மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

வாரியத்தின் கட்டடம் பெரியது. முகப்பில் வாரியத்தின் முழக்கத்தை ஆளுயர எழுத்துகளில் பதித்துக்கொண்டிருந்தார்கள். "இக்கண" வரை வந்திருந்தது. "மே" இன்னும் பரிசீலனையில் இருப்பதாக வாசல் காவலர் சொன்னார். உண்மையில் அவர் சொன்னது அவள் படியேறி, நீண்ட நடைவழியில் பாதி தூரம் போன பிறகுதான் காதில் விழுந்தது. அந்தக் கட்டடத்தில் வேலை நடக்கிற அறைகளைத் தவிர மற்ற இடங்களில் பேச்சு, காலடி எல்லாமே வாரியத்தின் பெட்டிகள் வழியாகத்தான் போய்வந்தன. யாரும் இல்லாத நடைவழியில் பூட்ஸ் சத்தம் ஒன்று அவளைக் கடந்து போனது. அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். மரியாதைப்பட்டவள், என்ன செய்வாள்.

அவளை விசாரித்த உதவி அதிகாரிக்கு அங்கே சற்றுப்பொறு என்று பட்டப்பெயர். மெலிந்த மனிதர். அவருடைய அறையில் நாற்காலியைத் தவிர எல்லாம் இருந்தது. நாற்காலி வரும்வரை நின்றுகொண்டே வேலை பார்த்தார்.

"சொல்லுங்கம்மா, என்ன தாமதம்?"

"தாமதம் இல்லீங்க. என் தம்பி செத்துட்டான். அவன் கை அசைவு இன்னும் வீட்டுக்கு வந்துட்டே இருக்கு. அதை நிறுத்தணும்."

"செத்துட்டாருன்னு யார் சொன்னது?"

"நான்தாங்க சொல்றேன். நான் அவன் அக்கா."

"சற்றுப் பொறுங்க." அவர் ஒரு திரையைப் பார்த்தார். "இன்னிக்குக் காலையிலகூட அசைஞ்சிருக்காரே. நாளைக்கும் அசைய இருக்கார். அசையறவரை எப்படிம்மா இறந்தவர்னு எழுத முடியும்? நீங்க படிச்சவங்க மாதிரி தெரியறீங்க, யோசிச்சுப் பாருங்க."

"அப்ப அசையறதை நிறுத்திடுங்க. நின்னா இறந்தவன்னு எழுதிக்கலாம்."

"நிறுத்தலாமே. விண்ணப்பதாரர் நேர்ல வந்து, எனக்குப் போதும்னு சொல்லணும்."

"அவன் எப்படிங்க வருவான்?"

"அதுக்குத்தான் சற்றுப் பொறுங்கன்னு சொல்றேன்," என்றார் அவர், உண்மையான பரிவோடு. "எல்லாரும் கடைசில இங்கதான் வர்றாங்க."

இவ்வளவு தூரம் வந்தவளை வெறுங்கையோடு அனுப்பவேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, வாருங்கள், தம்பியைக் காட்டுகிறேன் என்று அவரே கூட்டிப் போனார்.

அதற்கு அசைவு மண்டபம் என்று பெயர். பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் போடுவதுபோல வரிசை வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு திரை, ஒவ்வொரு திரையிலும் ஓர் அம்பு. எங்கும் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அம்புகள் மட்டும் அசைந்தன. ஒன்று தயங்கித் தயங்கி வட்டம் போட்டது. ஒன்று ஓடி வந்து சட்டென்று நின்றது. இன்னொன்று ஓர் இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது, வயதான கை போலிருக்கிறது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு குமாஸ்தா அதைக் கூர்ந்து பார்த்து, ஒரு முத்திரைப் பொத்தானை அழுத்தி, அடுத்ததைப் பார்த்தார்.

தம்பியின் அம்பைக் கவனிக்கும் மேஜையில் ஓர் அம்மாள் இருந்தாள். நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளின் முகம் அவளுக்கு.

"நீங்கதான் அக்காவா? வாங்க. உங்க தம்பிக்கு நல்ல கைம்மா. முரட்டுத்தனமே கிடையாது. இடப்பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் தயங்குவார்."

திரைக்காரிக்கு அது தெரியும். தெருவைக் கடக்கும்போதும் அவன் அப்படித்தான் தயங்குவான். சின்ன வயசில் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் அவள்.

"இங்க இருக்கறதெல்லாம் யாரோட கை?"

"விண்ணப்பம் போட்டவங்களோடது."

"அவங்கள்ல உயிரோட எத்தனை பேர் இருக்காங்க?"

அந்த அம்மாள் மண்டபத்தைச் சுற்றிலும் பார்த்தாள். சங்கடப்பட்டாள். "அந்த மூலையில ஒருத்தர் இருந்தார். போன வாரம் அவருக்கும் சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சுன்னா?"

"அவர்கிட்டேருந்து இப்ப புதுசா ஒண்ணும் வர்றதில்ல."

சற்றுப்பொறு பெருமையோடு தலையாட்டினார்.

அம்மாள் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். தம்பியுடையவை இன்னும் சில அசைவுகள்தாம் மிச்சம். அவற்றுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில், ஒரே ஒரு சொடுக்கு. அதற்குப் பிறகு எதுவும் இல்லை, வெள்ளையாக இருந்தது.

"அது என்னது?"

"இடப்பக்கப் பொத்தானை அழுத்தியிருக்கார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். எதுக்கு அழுத்தினாருங்கறது எங்க வேலை இல்லம்மா. தாமதமா இல்லையான்னு மட்டும் பாப்போம்."

"சுட்டிருப்பார், வேற என்ன," என்றார் சற்றுப்பொறு. "ஆனா நீங்க கவலைப்பட வேண்டாம். நாளைக்கு நிலுவை ஒழிப்பு விழா. தலைவரே வர்றார். தேங்கிக் கிடக்கிற அசைவையெல்லாம் ஒரேயடியா அழிச்சிடப் போறோம். நாளைக்குச் சாயங்காலம் இந்த மண்டபத்துல ஒரு தாமதமும் இருக்காது. உங்க பிரச்சினையும் தானா தீந்துடும்."

அவள் கேட்டு வந்தது அதைத்தான். திரும்பி வீட்டுக்குப் போனால் போதும். ஆனால் கால் நகரவில்லை. தம்பி இந்த உலகத்தில் கடைசியாகச் செய்த காரியம் அந்தத் திரையில் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருந்தது. நாளைக்கு அதைத் துடைத்துவிடுவார்கள்.

வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்து தம்பி மனைவிக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு எல்லாத்தையும் அழிச்சிடறாங்களாம்மா. அதோட நின்னுடும்."

"சரி அண்ணி."

"கடைசியா ஒண்ணு இருக்காம். ஒரு கிளிக்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனும் வாரியத்தின் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதோ என்று திரைக்காரி காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்றது குரல்.

"தெரியலம்மா. அதுதான் கடைசி. சுட்டதாவும் இருக்கலாம்னு சொல்றாங்க. பாத்துட்டு நீ இன்னும் ஒடிஞ்சு போயிடுவியோன்னு பயமா இருக்கு. வேணாம்னா சொல்லு, இப்படியே வந்துடறேன்."

"வாங்கிட்டு வாங்க அண்ணி. சுட்டதா இருந்தாலும் சரி. எனக்கு வரவேண்டியது அது."

திரைக்காரி திரும்ப உள்ளே போய், அந்த ஒரு சொடுக்கை மட்டும் அனுப்பிவிடுங்கள் என்று கேட்டாள். நிறுத்தச் சொன்னபோது எப்படி விண்ணப்பதாரர் வேண்டுமோ அப்படியே அனுப்புவதற்கும் விண்ணப்பதாரர் வேண்டும் என்றார் சற்றுப்பொறு. அவர் நேரில் வந்து, இது என் கைதான் என்று சொல்லவேண்டும். அவள் கெஞ்சினாள். அவர் பொறுக்கச் சொன்னார். அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் தொல்லை தாங்காமல் தலைவரின் அறைக்கு அனுப்பிவைத்தார்.

தலைவர் சிவந்த, புஷ்டியான மனிதர். அவள் உள்ளே நுழைந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் மேடையில் ஏற்றுவதற்கு, வாரியத்தால் தாமதம் நீங்கிய ஒரு விண்ணப்பதாரர் வேண்டும். பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாயிற்று. ஒருவரும் அகப்படவில்லை.

"எல்லாருக்கும் போன் பண்ணியாச்சு," என்றார் அவர் கவலையோடு. "ஒருத்தர்கூட எடுக்கல. வாரியம் மேல இவ்வளவு அலட்சியமா?"

"அவங்கல்லாம் செத்துட்டாங்கய்யா."

"இருக்கலாம். ஆனா விழாவுக்கு வரலாமில்ல?" என்றவர் அப்போதுதான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூச்சு விடுகிறாள். நிற்கிறாள். வார்த்தை பேசுகிறாள். அவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல வெளிச்சம் வந்தது.

"நீங்க விண்ணப்பதாரரோட அக்கா. ஒரே ரத்தம். ஒரே கைன்னு எடுத்துக்கிட்டா என்ன தப்பு?"

"அப்ப அது என் கைதான்னு நான் சொல்லலாமா? அந்தக் கிளிக்கை அனுப்புவீங்களா?"

"மேடையில ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க. கிளிக் என்ன பெரிய கிளிக்."

மறுநாள் விழா. வாரியத்தின் ஊழியர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். சிலருடைய நாற்காலிகள் காலியாக இருந்தாலும் அவர்கள் இருமுவது மட்டும் கேட்டது. விரைவில் வந்துவிடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மைக்கும் பெட்டி வழியாகப் போனதால் தலைவர் எழுந்து நின்று வாயசைத்தபோது சத்தம் எதுவும் வரவில்லை. கையை வீசினார். மேஜையைத் தட்டினார். உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் அவருடைய உதடுகளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகு ஒலிபெருக்கியிலிருந்து அவர் குரல் கிளம்பியது.

"அன்பர்களே, இந்த வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சொடுக்குகூட இந்தக் கட்டடத்தை விட்டுத் தாமதமாகப் புறப்பட்டது கிடையாது. ஏனென்றால் அது புறப்படும் கணத்திலிருந்துதான் நாம் நேரத்தை எண்ணவே தொடங்குகிறோம்."

தலைவர் தம் குரலுக்குத் தாமே தலையாட்டினார்.

"நம்மிடம் வந்தவர்கள் எங்கே என்று சிலர் விஷமமாகக் கேட்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒரு புகார் உண்டா? ஒரு முனகல் உண்டா? இந்த அமைதியைவிடப் பெரிய நற்சான்று எந்த நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது? தாமதத்துக்கு மூலகாரணம் என்ன என்று நம் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். கைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அம்பு எப்போதும் தயார், திரை எப்போதும் தயார். இந்த மனிதக் கை ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. அதை நாம் படிப்படியாக விலக்கி வருகிறோம்."

அடுத்துத் திரைக்காரியைக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன் நின்று, எதிரே உட்கார்ந்திருந்தவர்களையும் உட்காராமல் இருமிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். மனசில் தோன்றியதைச் சொல்லிவிட்டுக் கும்பிட்டாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான். அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அனுப்பிவிடு என்று சற்றுப்பொறுவுக்குச் சைகை காட்டினார்.

அவள் மேடையிலிருந்து இறங்கி அசைவு மண்டபத்துக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே ஓர் ஓரத்திலிருந்து அழித்துக்கொண்டு வந்தார்கள். நடுங்கிக்கொண்டிருந்த அம்பு இல்லை. வட்டம் போட்ட அம்பு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வட்டத்தில் அணைந்தது. அதன் முன்னால் இருந்த குமாஸ்தா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். யாரோ ஒருவருடைய வீட்டில் யாரோ ஒருவர் அதற்காகத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கக்கூடும். அவர்களுக்காகக் கேட்டு வாங்க அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

தம்பியின் மேஜையில் அந்த அம்மாள் காத்திருந்தாள். மிச்சமிருந்த அசைவுகளுக்கு ஒவ்வொன்றாக முத்திரை அழுத்தினாள். சொடுக்கு வந்ததும் விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி நிமிர்ந்தாள்.

"கேட்டே ஆகணும்மா, விதி. இது உங்க கைதானே?"

"ஆமாம்மா. என் கைதான்."

அந்த அம்மாள் அழுத்தினாள். அதே நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து, காலியாகிக்கொண்டிருந்த விழா மண்டபத்தின் ஒலிபெருக்கியில், திரைக்காரியின் குரல் வந்தது. அது தன் குரல்தான் என்று புரிந்துகொள்ளவே அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"என் தம்பிக்கு இப்ப எந்தத் தாமதமும் இல்லீங்க. இனிமே எதுவும் அவனுக்கு லேட்டாகாது. நீங்க பண்ணினதுதான். எங்க வீட்லதான் எல்லாரும் இன்னும் காத்துட்டிருக்கோம்."

கேட்பதற்கு அங்கே யாரும் மிச்சமில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நடைவழியில் அவளுடைய காலடிச் சத்தம் அவளுக்குப் பின்னால் வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்காக அவள் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தம்பி மனைவி பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே போகவில்லை.

"வந்துதா?"

"இன்னும் இல்ல அண்ணி."

இரண்டு பேரும் நிலைப்படியில் உட்கார்ந்தார்கள். அறையில் அந்தக் காலி நாற்காலி, அதற்கப்பால் வெளிச்சமாகத் திரை. கோட்டை கிட்டத்தட்ட அவன் வசம் வந்திருந்தது. எதிரிகளின் தலைவன் மட்டும் பாக்கி. அவன் நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். துப்பாக்கியின் குறி சரியாக அவன் நெஞ்சில் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் கோட்டை தம்பிக்கு.

"சுடத்தான் போறார்," என்றாள் தம்பி மனைவி. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும். அந்த நேரத்துலதான் நான் கூப்பிட்டிருப்பேன்."

"பாரும்மா."

"வேணாம் அண்ணி."

"நகருது. பாரு."

குறி எதிரியின் நெஞ்சை விட்டு விலகியது. அம்பாக மாறியது. அவசரமில்லாமல் மேலே ஏறியது. கோட்டைச் சுவரைத் தாண்டி, கொடியைத் தாண்டி, வானத்துக்கு வந்தது. அங்கே ஒரு கணம் தயங்கியது. பிறகு இடப்பக்கம் திரும்பி மூலைக்குப் போனது. மூலையில் ஒரு சின்னக் கதவுப் படம் இருந்தது. ஆட்டத்தை விட்டு வெளியே போகிறவர்கள் அழுத்துகிற படம்.

அம்பு அதன்மேல் போய் உட்கார்ந்தது.

டிக் என்று ஒரு சத்தம். கோட்டை போயிற்று. எதிரி போனான். திரை இருண்டது. இருண்ட கண்ணாடியில், நிலைப்படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. அதற்குமேல் எதுவும் அசையவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதுவும் அசையவே இல்லை.

தம்பி மனைவிதான் முதலில் பேசினாள். ரகசியம் சொல்வதுபோல, அவ்வளவு மெதுவாக.

"காதுல விழுந்திருக்கு அண்ணி."

"ஆமாம்மா."

"எழுந்திரிக்கப் பாத்திருக்கார்."

"ஆமாம்மா."

அவள் அழுதாள். இத்தனை நாள் அழுத அழுகை வேறு, இது வேறு. திரைக்காரி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அழட்டும் என்று விட்டுவிட்டாள். வெளிச்சம் போய் விளக்குப் போடவேண்டிய நேரம் வந்தபோது தம்பி மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "சாப்பிட வாங்க அண்ணி" என்றாள். திரைக்காரி மறுபேச்சுப் பேசாமல் கூடவே எழுந்து போனாள்.

இதோடு கதை தீர்ந்தது கண்ணுகளா. வாரியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்கென்ன, நன்றாக இருக்கிறது. நிலுவையே இல்லாத ஒரே வாரியம் என்று அதற்கு விருது கொடுத்தார்கள். அந்த மண்டபத்து மேஜைகளில் புதிய அம்புகள் அசைந்துகொண்டிருக்கின்றன.

சரி, எழுந்திருங்கள், உங்களை வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்ட குரல் இன்னொருவருக்கு அப்போதே போய்ச் சேரட்டும். வரேன் என்று சொன்ன வாய்க்குப் பின்னாலேயே கால்களும் வரட்டும். உங்கள் வீட்டுச் சோறு சூடாக இருக்கும்போதே எல்லோரும் சுற்றி உட்காரட்டும். சொல்ல நினைத்த நல்ல வார்த்தை எதுவும் எந்த வரிசையிலும் நிற்காமல், அன்றன்றே சொல்லி முடிந்துவிடட்டும். உங்கள் குடி தழைக்கட்டும், கண்ணுகளா. போய் வாருங்கள்.